அப்பா விழுந்தார், டாக்டர் கேட்டபோது "குடிக்க மாட்டார்" என்று சொல்லிவிட்டோம்

கொழிஞ்சாம்பாறைப் பெண்

வணக்கம். இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு வாரமாகத் தயங்கிக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்கு 72 வயது. நாற்பது வருடத்துக்கு மேல் கேரள எல்லையோரமான இந்தப் பக்கத்துத் தோப்புகளில் தேங்காய் பறித்தவர். மரத்திலிருந்து ஒருநாளும் விழுந்ததில்லை. போன மாதம் ஓர் இரவு ஒன்றரை மணிக்கு, புறக்கடையில் இருக்கும் கழிவறைக்குப் போகும்போது, இரண்டே இரண்டு படி உள்ள இடத்தில் விழுந்துவிட்டார். யாருக்கும் சத்தம் கேட்கவில்லை. நான்கரை மணிக்குப் பால் கறக்க எழுந்த அம்மாதான் பார்த்தாள். மூன்று மணி நேரம் ஈரத் தரையில் கிடந்திருக்கிறார். வலது கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. தொடை எலும்பின் கழுத்து முறிந்திருந்தது.

மருத்துவமனையில் ஓர் இளம் டாக்டர், "மத்யபிக்காறுண்டோ?" (குடிப்பதுண்டா?) என்று கேட்டார். அம்மாவுக்கு மலையாளம் நன்றாகவே புரியும். அவள் என் முகத்தைப் பார்த்தாள், நான் தம்பியின் முகத்தைப் பார்த்தேன். "இல்லை, வழுக்கிவிட்டது" என்றோம். தினமும் சாயங்காலம் அப்பா ஷாப்பில் இரண்டு குப்பி கள் குடிப்பார் என்பது மூவருக்கும் தெரியும். முப்பது வருடப் பழக்கம். தெருவில் கிடந்தவர் அல்ல, அம்மாவைக் கைநீட்டி அடித்தவர் அல்ல. அப்படிப்பட்டவரைக் குடிகாரர் என்று ஒரு காகிதத்தில் எழுத விட மனம் வரவில்லை.

மறுநாள் அறுவை சிகிச்சை நடந்தது. மூன்றாம் இரவு அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. போர்வை நனையும் அளவுக்கு வியர்வை. சுவரெல்லாம் எறும்பு ஊர்கிறது என்றார். ஊசிக் குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு, புது மூட்டோடு கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தார். கைகளைக் கட்டிப்போட்டார்கள். வயதானால் இப்படிக் குழம்புவார்கள், மயக்க மருந்தாக இருக்கும், கிருமித் தொற்றாக இருக்கும் என்று இரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஓர் இரவும் அரைப் பகலும் இப்படிப் போனது. கடைசியில் ஒரு நர்ஸ் என்னைத் தனியாக அழைத்துத் தமிழில் கேட்டார்: "அப்பா குடிப்பாரா? மறைக்காமல் சொல்." அழுதுகொண்டே சொன்னேன். அதற்குப் பிறகு மருந்து மாறியது. இரண்டு நாளில் அப்பா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

இப்போது வீட்டுக்கு வந்து பத்து நாளாகிறது. இனி ஒரு சொட்டு கூடாது என்கிறான் தம்பி. கொஞ்சமாவது கொடுக்காவிட்டால் திரும்பவும் அப்படி ஆகிவிடும் என்று பக்கத்து வீட்டு மாமா அம்மாவைப் பயமுறுத்துகிறார். எது சரி? அதோடு இன்னொன்றும் என்னைத் தூங்க விடவில்லை. அப்பா கள்ளால்தான் விழுந்தாரா? பார்க்க வரும் உறவினர்கள் எல்லோரும் வாசலிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள்.

வார்டு அக்கா

அம்மிணி, முதலில் கண்ணைத் துடைத்துக்கொள். எலும்பு முறிவு வார்டில் 26 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். நீங்கள் சொன்ன அந்த "இல்லை"யை எத்தனையோ குடும்பங்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். வெட்கத்தால் சொல்பவர்கள் உண்டு. காப்பீட்டுப் பணம் போய்விடும் என்ற பயத்தில் சொல்பவர்களும் உண்டு. போதையில் நேர்ந்த விபத்துக்குப் பணம் தர மாட்டோம் என்று பல விபத்துக் காப்பீடுகளில் எழுதியிருப்பதால் அந்தப் பயம் வெறும் கற்பனை அல்ல. ஆனாலும் உயிருக்கு முன்னால் அது பெரிதா?

தினமும் குடிப்பவரின் மூளை அந்தத் தாலாட்டுக்குப் பழகியிருக்கும். திடீரென்று நிறுத்தினால் அது விழித்துக்கொண்டு கூச்சல் போடும். முதல் நாளிலேயே நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் உன் அப்பாவுக்கு வந்த மாதிரி இல்லாதது கண்ணுக்குத் தெரியும். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். முன்கூட்டியே சொல்லியிருந்தால் அறுவை சிகிச்சைக்கு முன்பே வைட்டமின் பி1 ஊசி போட்டு, நடுக்கத்தை அடக்கும் மருந்தை அளவாகக் கொடுத்து, அந்த மூன்றாம் இரவைப் பெரும்பாலும் தவிர்த்திருப்பார்கள். உன்னைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அடுத்து ஆம்புலன்ஸில் ஏறப்போகும் குடும்பம் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். அப்பா குடித்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. அந்த ஆபத்துக் கட்டம் கடந்துவிட்டது. மருந்து மாதிரி கொஞ்சம் கொடுக்க வேண்டும் என்பது தவறு, மாமாவிடம் சொல்லிவிடு. உடம்புக்குப் பழக்கம் விட்டுப்போயிருப்பதால், இப்போது பழைய அளவைக் குடித்தால் முன்னைவிட அதிகமாகத் தள்ளாடுவார். ஆனால் இன்றும் வீட்டில் தினமும் குடித்துக்கொண்டிருக்கும் வேறொரு பெரியவரை யாரும் இதைப் படித்துவிட்டு நாளைக் காலையே அறைக்குள் பூட்டி நிறுத்த வைக்காதீர்கள். டாக்டரிடம் அழைத்துப் போய், அவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

வேலந்தாவளம் விவசாயி

எனக்கு வயது 69. நானும் கள் குடிப்பவன்தான், மறைக்க ஒன்றுமில்லை. எல்லைக்கு அக்கரையில், தமிழ்நாட்டில், 1987 முதல் கள்ளுக்குத் தடை. இங்கே அது எங்கள் பிழைப்பு. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகா தோப்புகளில் இறக்கும் கள் கேரளம் முழுக்கப் போகிறது. சாராயத்தையும் பிராந்தியையும் கள்ளையும் ஒரே தராசில் நிறுத்தும் பேச்சு எனக்கு உடன்பாடில்லை.

அதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்பு நான் விழுந்தேன். காலை பதினொரு மணி. முந்தின நாள்கூடக் குடிக்கவில்லை. வாய்க்கால் மடையில் குனிந்து பலகையை எடுத்து நிமிர்ந்தேன், கண் இருட்டியது, அவ்வளவுதான், மணிக்கட்டு முறிந்தது. போன இடத்தில் குடிப்பீர்களா என்று கேட்டார்கள். உண்மையைச் சொன்னேன். "அப்போது அதுதான் காரணம், நிறுத்துங்கள்" என்று மாவுக்கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். இரத்த அழுத்தம் பார்க்கவில்லை, சர்க்கரை பார்க்கவில்லை, கண்ணையும் பார்க்கவில்லை. நான்கு மாதத்தில் மறுபடி விழுந்தேன். வேறொரு டாக்டர் படுக்க வைத்தும் நிற்க வைத்தும் இரத்த அழுத்தம் அளந்த பிறகுதான் நிற்கும்போது சரசரவென்று இறங்குவது தெரிந்தது. மாத்திரை அளவு எனக்கு அதிகமாகியிருந்தது.

உண்மையைச் சொன்னதற்கு எனக்குக் கிடைத்தது இதுதான். இந்தப் பெண்ணின் குடும்பம் ஏன் மறைத்தது என்று எனக்கு நன்றாகவே புரிகிறது.

வார்டு அக்கா

ஐயா, நீங்கள் சொன்னது என் தொழிலுக்கே தலைகுனிவு. "குடித்து விழுந்தார்" என்று எழுதிவிட்டால் அதன் பிறகு யாரும் எதையும் தேடுவதில்லை. "வழுக்கி விழுந்தார்" என்று எழுதினாலும் அதே கதைதான். இரண்டுமே பாதி வாக்கியம்.

ஆனால் கள் விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போக முடியாது, கோபித்துக்கொள்ளாதீர்கள். கணக்கைப் பாருங்கள். 650 மில்லி குப்பியில் 5 சதவீதம் ஆல்கஹால் என்று குறைத்தே வைத்தாலும் அதில் சுமார் 25 கிராம் தேறும். 42.8 சதவீதம் உள்ள பிராந்தியில் 60 மில்லிக்கு 20 கிராம். ஆக ஒரு குப்பி கள், லார்ஜ் ஒன்றைவிடக் கூடுதல். கள் மரத்திலிருந்து இறக்கிய பிறகும் புளித்துக்கொண்டே போகும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். காலையில் இனித்தது அந்தியில் அதே கள் அல்ல.

இன்னொன்று வயது. முதுமையில் தசை கரைகிறது, உடம்பில் நீர் குறைகிறது. ஆல்கஹால் நீரில்தான் கரைந்து பரவும். குளம் வற்றினால் அதே உப்பு அதிகம் கரிக்கும் அல்லவா? நாற்பது வயதில் குடித்த அதே இரண்டு குப்பி எழுபதில் இரத்தத்தில் கூடுதலாக ஏறுகிறது. "நான் அளவைக் கூட்டவே இல்லையே" என்று பெரியவர்கள் சொல்வது பொய்யல்ல. அளவு அப்படியேதான் இருக்கிறது, உடம்புதான் மாறிவிட்டது.

பல வருடம் குடித்தவர்களுக்குக் குடிக்காத நேரத்திலும் நடை அகன்று தள்ளாடும். சிறுமூளை தேய்வது ஒரு காரணம். பாதத்து நரம்புகள் மரத்துப்போய், தரை எங்கே இருக்கிறது என்று கால் மூளைக்குச் சொல்லாமல் விடுவது இன்னொன்று. எலும்பும் மெலிகிறது. அதனால்தான் மரத்தில் நிலையாக நின்ற கால், பிறகு சமதரையில் ஏமாற்றுகிறது.

நல்லேப்பிள்ளி

என் அப்பா கதையையும் சொல்கிறேன், ஒருவருக்காவது உதவும்.

74 வயது. ஷாப் திண்ணையில் இறங்கும்போது விழுந்து, பின்மண்டையில் ஒரு சின்ன வீக்கம். இரத்தம்கூட வரவில்லை. தைலம் தடவினோம். மூன்று வாரம் கழித்து இடது காலை இழுத்து இழுத்து நடந்தார். பேச்சு குழறியது. பகலெல்லாம் தூக்கம். ஒருநாள் வேட்டியிலேயே சிறுநீர் போய்விட்டது. அம்மா அதைத் துவைத்துக்கொண்டே திட்டினாள். நானும் திட்டினேன். இப்போது அதிகமாகக் குடிக்கிறார், அதனால்தான் என்று நினைத்தோம்.

சண்டை போடலாம் என்றுதான் ஷாப்புக்குப் போனேன். அங்கிருந்தவர், "உன் அப்பா வந்து ஆறு நாளாயிற்றே, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

அந்த இடத்தில் என் கால் ஆடியது. ஆறு நாளாக ஒரு துளி தொடாத மனிதர் எப்படித் தள்ளாடுவார்? அன்று மாலையே ஸ்கேன் எடுத்தோம். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே இரத்தம் கசிந்து உறைந்து, மூளையை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. வயதாலும் குடியாலும் மூளை சுருங்கும்போது, அதையும் மேலுறையையும் இணைக்கும் சிறு நாளங்கள் இழுபட்டு நிற்குமாம். சின்ன அடியிலேயே அறுந்து, வாரக்கணக்கில் மெல்லக் கசியுமாம். அப்பா இதயத்துக்காக ஆஸ்பிரின் வேறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மண்டையில் துளை போட்டு வடித்தார்கள். பிழைத்தார், இப்போது நடக்கிறார்.

நான் அவரைத் திட்டிய நாட்கள்தான் எனக்குள் இன்னும் நடந்துகொண்டிருக்கின்றன. குடிக்கும் பெரியவர் தலையில் அடிபட்டால், இரத்தம் வராவிட்டாலும் பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் நடை, பேச்சு, தூக்கம் மூன்றையும் கவனியுங்கள்.

மருந்துக்கடைத் தம்பி, கோபாலபுரம்

எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் டாக்டர் பார்ப்பவர்கள்தான் எங்கள் கடைக்கு அதிகம் வருகிறார்கள். பொள்ளாச்சியில் ஒரு சீட்டு, சித்தூரில் ஒரு சீட்டு. ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாது.

கொழிஞ்சாம்பாறை அக்கா, அப்பா என்ன மாத்திரை சாப்பிட்டார் என்று நீங்கள் எழுதவில்லை. இரத்த அழுத்தத்துக்கான மாத்திரையும், முதியவர்களுக்குச் சிறுநீர் தாராளமாகப் போகக் கொடுக்கும் டாம்சுலோசினும் எழுந்து நிற்கும்போது தலைசுற்ற வைக்கலாம். கள் அதைக் கூட்டும். சர்க்கரைக்குக் கிளிமெபிரைட் சாப்பிடுபவர் குடித்துவிட்டு இரவுச் சாப்பாட்டைத் தவிர்த்தால் நடுநிசியில் சர்க்கரை இறங்கிவிடும். வியர்த்து உளறும் அவரைப் பார்ப்பவர்கள் போதை என்றுதான் நினைப்பார்கள். தூக்க மாத்திரையும் கள்ளும் சேர்வது எல்லாவற்றிலும் மோசம். அல்பிரசோலம், குளோனசிபாம் அட்டைகளை இரவல் வாங்கிச் சாப்பிடும் பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். சளிக்கு வாங்கும் சாதாரண மாத்திரைகூட அசத்தும்.

எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு அப்படியே டாக்டர் மேசையில் கொட்டுங்கள்.

கொழிஞ்சாம்பாறைப் பெண்

தம்பி, நீ சொன்ன இரண்டும் அப்பாவிடம் இருக்கின்றன! அழுத்த மாத்திரை ஒன்று இங்கே எழுதியது. சிறுநீருக்கான டாம்சுலோசின் கோயம்புத்தூரில் எழுதியது. இரண்டையும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சேர்த்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

வார்டு அக்கா

அம்மிணி, இப்போது அந்த இரவை நிதானமாகக் கோத்துப் பார். சாயங்காலம் இரண்டு குப்பி. ஆல்கஹால் சிறுநீரைக் கட்டுப்படுத்தும் சுரப்பைத் தடுப்பதால் சிறுநீர் பெருகும். தூக்கத்தையும் பாதியில் கலைக்கும். ஒன்றரை மணிக்கு முட்டிக்கொண்டு எழுகிறார். படுத்திருந்தவர் சட்டென்று எழும்போது இரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். இரண்டு மாத்திரையும் கள்ளும் சேர்ந்து அதைச் செய்யவிடவில்லை. வெளியே இருட்டு, ஈரப் படி. கழிவறை வீட்டுக்குள் இருந்திருந்தால் விழாமல்கூட இருந்திருக்கலாம். கள் இல்லாவிட்டாலும் விழாமல் இருந்திருக்கலாம். "கள்ளால்தானா?" என்று கேட்டாய். கள்ளும்தான் என்பதே என் பதில்.

வயதானவர் விழுவது சகஜம் என்று உறவினர் யாராவது சொன்னால் இதைச் சொல். தற்செயல் காயங்களால் நேரும் சாவுகளில், உலக அளவில், சாலை விபத்துக்கு அடுத்த இடம் விழுதலுக்குத்தான். வருடத்துக்கு 6,84,000 பேர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அதில் அறுபது வயதைத் தாண்டியவர்களே அதிகம்.

கொழிஞ்சாம்பாறைத் தம்பி

அவள் எழுதியதில் வரும் தம்பி நான்தான். நண்பன் ஒருவன் இதை அனுப்பி, இது உங்கள் வீட்டுக் கதை மாதிரி இருக்கிறதே என்றான். வீட்டு விஷயத்தைப் பொதுவில் எழுதியதில் முதலில் கோபம்தான் வந்தது.

நான் ஷாப்புக்குப் போய், அப்பா வந்தால் ஊற்றக் கூடாது என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டு வந்தேன். அது அவர் காதுக்குப் போய்விட்டது. இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. கட்டி வைத்த கைகளை அவிழ்க்கச் சொல்லி அவர் என்னைக் கெஞ்சிய அந்த இரவை நான் இன்னொரு தடவை பார்க்க முடியாது. அதனால்தான் போனேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

வேலந்தாவளம் விவசாயி

தம்பி, உன் வயதில் எனக்கு ஒரு மகன் திருப்பூரில் இருக்கிறான். நீ பயந்து செய்தது உன் அப்பாவுக்குப் புரியும். ஆனால் ஷாப்பில் போய்ச் சொன்னது தப்பு. அந்த பெஞ்சில் அவர் உட்கார்வது கள்ளுக்காக மட்டும் அல்ல. பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு வீட்டில் பேச ஆள் இல்லை. 2011 கணக்கெடுப்பிலேயே கேரளத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் அறுபது வயது கடந்தவர்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு நாங்கள் எல்லோரும் எங்கே போய் உட்கார்வது? கள்ளை எடுத்துவிட்டால் அந்த ஐந்து மணியில் வேறு எதையாவது வைக்க வேண்டும். டீக்கடையோ கோயில் திண்ணையோ, நீயே கூட உட்காரும் அரைமணி நேரமோ, ஏதோ ஒன்று. அவரிடமே நேராகப் பேசு. மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பேசு.

நர்ஸ் அம்மாவுக்கு: நேற்று என் குப்பியை மகளின் சமையல் அளவைக் குவளையில் ஊற்றிப் பார்த்தேன். நீங்கள் சொன்ன கணக்கு சரிதான். இரவில் இனி ஒரு குவளைக்கு மேல் இல்லை என்று வைத்திருக்கிறேன். முழுக்க விடுவேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

மீனாட்சிபுரம்

எல்லோரும் அப்பாவைப் பற்றியே எழுதுகிறீர்கள். என் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) களையெடுப்பு முடிந்து வந்து, உடம்பு வலிக்கு என்று அடுக்களையில் ஒரு டம்ளர் குடித்துவிட்டுப் படுப்பாள். எங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. இரண்டு தடவை விழுந்திருக்கிறாள். இரண்டு தடவையும் ஒரு டாக்டர்கூட அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. பெண் என்பதால் கேட்கத் தோன்றவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

இயன்முறை, சித்தூர்

வீடு திரும்பியவர்களை நடக்கப் பழக்குவது என் வேலை. இந்த இழையில் வீட்டைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை.

இரவில் வெளிக் கழிவறை வேண்டவே வேண்டாம். கட்டிலருகே கமோடு நாற்காலியோ சிறுநீர்க் குடுவையோ வையுங்கள். கட்டிலிலிருந்து இறங்கும் முன் காலைத் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் உட்காரச் சொல்லுங்கள். தேய்ந்த ரப்பர் செருப்பைத் தூக்கி எறியுங்கள். தரையைத் தொடும் வேட்டி, லுங்கியை மடித்துக் கட்டப் பழக்குங்கள். படியின் விளிம்பில் வெள்ளைப் பெயிண்ட் அடித்தால் புரை விழுந்த கண்ணுக்கும் தெரியும். படுக்கையருகில் ஒரு பித்தளை மணியோ விசிலோ இருக்கட்டும். மூன்று மணி நேரம் தரையில் கிடப்பது எலும்பு முறிவைப் போலவே ஆபத்து. தசை நசுங்கிச் சிறுநீரகம் வரை பாதிக்கும்.

பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் (வலி தணிப்புப் பராமரிப்பு) நர்ஸ் வீட்டுக்கே வந்து பார்ப்பார், ஆஷா பணியாளரிடம் சொல்லிவையுங்கள். அது புற்றுநோயாளிகளுக்கு மட்டுமே என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கொழிஞ்சாம்பாறைப் பெண்

நேற்று மறுபரிசோதனைக்குப் போனோம். போகும் முன் தம்பி அப்பாவின் காலடியில் உட்கார்ந்து பேசினான். என்ன பேசினார்கள் என்று தெரியவில்லை, நான் உள்ளே போகவில்லை.

டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார். அம்மா வாய் திறப்பதற்குள் அப்பாவே சொன்னார்: "ரெண்டு குப்பி. சனிக்கிழமை மூணு." சனிக்கிழமைக் கணக்கு அம்மாவுக்கே புதிது. டாக்டர் தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டார், ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. வேலந்தாவளம் ஐயா சொன்னது நினைவுக்கு வந்து, படுக்க வைத்தும் நிற்க வைத்தும் அழுத்தம் பாருங்கள் என்று நானே கேட்டேன். படுத்திருக்கும்போது மேல் அளவு 138, எழுந்து நின்றதும் 110. இருபதுக்கு மேல் இறங்கினாலே கவனிக்க வேண்டுமாம். அழுத்த மாத்திரையைக் குறைத்து, காலைக்கு மாற்றிவிட்டார். பி1 மாத்திரையும் எழுதியிருக்கிறார். எலும்பின் அடர்த்தி பார்க்கச் சொல்லியிருக்கிறார். குடிப் பழக்கத்துக்குத் தனி ஆலோசனைக்கு அடுத்த வியாழக்கிழமை போக வேண்டும். வருகிறேன் என்று அப்பா சொல்லியிருக்கிறார். வியாழக்கிழமை வந்தால்தான் தெரியும்.

வேலந்தாவளம் விவசாயி

சந்தோஷம் அம்மிணி. அந்தக் கமோடு நாற்காலி வாங்கியாயிற்றா? எங்கே வாங்கினாய்? எனக்கும் ஒன்று வேண்டும்.

கொழிஞ்சாம்பாறைப் பெண்

பொள்ளாச்சியில் ஒரு மருத்துவப் பொருள் கடையில் வாங்கினோம், ஐயா. வாங்கும்போது கால்களில் ரப்பர் குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். எங்களுடையதில் ஒன்று கழன்றிருந்தது, திரும்பக் கொண்டுபோய் மாற்றி வந்தோம்.